20 ஹெச்பி டிரம் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது, ஓவர்லோடு ரிலே ஒரு தடவை கூட விழவில்லை. ஏன்?

பேரணாம்பட்டு தம்பி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தோல் தெரியும், கரண்டு தெரியாது. ஆனால் எது நின்றாலும் முதலாளி என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

தோலைப் போட்டுச் சுற்றிப் பதனிடும் குரோம் டிரம் ஒன்றுக்கு 20 ஹெச்பி மோட்டார். நேம் பிளேட்டில் 15 கிலோவாட், 415 வோல்ட், 28 ஆம்ப்ஸ், டெல்டா என்று அடித்திருக்கிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், அதாவது முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாற்றும் வகை. பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம் எரிந்தது. குடியாத்தத்தில் காயில் கட்டி வந்து மாட்டினோம். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் மறுபடியும் புகை. ஆம்ப்ஸ் கூடினால் விழுந்து மோட்டாரை நிறுத்த வேண்டிய ஓவர்லோடு ரிலே இரண்டு தடவையும் அசையவே இல்லை. ஆள் ஓடிப்போய் மெயினை இறக்கினதால்தான் ஷெட் தப்பியது.

ரிலே டயலை நானே குனிந்து பார்த்தேன். 20-லிருந்து 32 வரை போட்டிருக்கிறது, 28-ல் வைத்திருக்கிறார்கள். நேம் பிளேட்டிலும் 28தான். அப்புறம் ஏன் விழவில்லை?

எங்கள் எலக்ட்ரீஷியன் லைனில் கோளாறு என்கிறார். காயில் கட்டினவர், "லோடு ஜாஸ்தி, நான் என்ன பண்ணுவேன்" என்கிறார். முதலாளி காயில் கம்பி மட்டம் என்கிறார். வேலூரில் ஒரு கடையில் விசாரித்தால் டிஜிட்டல் ரிலே போடுங்கள் என்று ஒரு விலை சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு முதலாளி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இப்போது அதே 20 ஹெச்பியில் ஒரு ஸ்பேர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. லோடில் இருக்கும்போது மெயினில் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தோம்: 34, 33, 35. வோல்டேஜ் மத்தியானம் 405 பக்கம். இதுவும் எரிவதற்குள் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா பையன்:

புரோ, 32 ஆம்ப்ஸ் எம்சிபி ஒன்று முன்னாடி போடுங்க. ஓவர் ஆனா தானா விழுந்துடும். சிம்பிள்.

சிப்காட் பழசு:

ராணிப்பேட்டை சிப்காட்டில் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். டேனரிகளிலும், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் ஏரேட்டர் மோட்டார்களிலும் நிறைய கை வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாலாஜா தம்பிக்கு. 32 எம்சிபி என்றால் 32.1 வந்ததும் விழும் என்று நினைக்கிறீர்கள். அது அப்படி இல்லை. 1.13 மடங்கு வரை, அதாவது 36 ஆம்ப்ஸ் வரை, ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்குப் போட்ட கணக்கு. 1.45 மடங்கு, அதாவது 46 ஆம்ப்ஸ் வந்தால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இவர் மோட்டார் 34-ல் வெந்துகொண்டிருக்கும், எம்சிபி வேடிக்கை பார்க்கும். எம்சிபியும் ஃப்யூஸும் ஒயரைக் காப்பாற்ற, ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்க. மோட்டாருக்குக் காவல் ரிலேதான்.

இப்போது பேரணாம்பட்டு தம்பிக்கு. நேம் பிளேட்டில் 28, டயலிலும் 28 என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறே அதுதான்.

டெல்டாவில் ஓடும் மோட்டாருக்கு லைனில் 28 ஆம்ப்ஸ் வந்தால், உள்ளே ஒவ்வொரு காயிலிலும் ஓடுவது 28 இல்லை. அதை 1.73-ஆல் வகுக்க வேண்டும். 16 சொச்சம். நம் ஊரில் கட்டும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே எங்கே உட்கார்ந்திருக்கும்? மெயின் கான்டாக்டருக்கு (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த ஸ்விட்ச்) நேர் கீழே. டெல்டா கான்டாக்டருக்கு லைன் தனியாகப் பிரிந்து போய்விடும். ஆகவே ரிலே வழியாகப் போவது காயில் கரண்டு மட்டும். அதன் கண்ணுக்கு லைன் கரண்டு தெரியவே தெரியாது. டயலை 16-ல் வைக்க வேண்டும். நேம் பிளேட் ஆம்ப்ஸை 0.58-ஆல் பெருக்கு என்று நாங்கள் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுப்போம்.

28-ல் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரிலே 1.05 மடங்கு வரை விழாது, 1.2 மடங்கு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 28-க்கு 1.2 மடங்கு 33.6. ரிலேவுக்குள் 33.6 போக வேண்டுமென்றால் லைனில் 58 ஆம்ப்ஸ் ஓட வேண்டும். 50 வரைக்கும் அது விழவே விழாது. உங்கள் 34 ஆம்ப்ஸ் ரிலேவுக்குள் 19.6 ஆகத்தான் போகிறது. 28 வைத்த ரிலேவைப் பொறுத்தவரை உங்கள் மோட்டார் சும்மா காற்று வாங்கிக்கொண்டு ஓடுகிறது. அதே ரிலே 16.2-ல் இருந்திருந்தால் 19.6 என்பது 1.21 மடங்கு. குரோம் டிரம் ஒரு தடவை போட்டால் மணிக்கணக்கில் ஓடும். பாதி ஓட்டத்தில் விழுந்திருக்கும், மோட்டார் பிழைத்திருக்கும்.

இதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். லோடில் ஓடும்போது மெயினில் ஒரு பேஸில் டாங் டெஸ்டர் வையுங்கள். அப்புறம் ரிலேவின் கீழ் டெர்மினலிலிருந்து நேராக வெளியே போகும் ஒயர் ஒன்றில் வையுங்கள். மேலே 34, கீழே 20 பக்கம் காட்டினால் நான் சொன்னது சரி. இரண்டிலும் 34 காட்டினால் ரிலே லைனிலேயே இருக்கிறது, அப்போது 28 சரியான செட்டிங், வேறு கோளாறைத் தேட வேண்டும். பேனல் திறந்திருக்கும்போது கை கவனம், டாங் டெஸ்டர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது.

இன்னொரு சோதனை, இதற்கு மீட்டரே வேண்டாம். ரிலே முகப்பில் டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மோட்டார் ஓடும்போது அதை அழுத்தினால் கான்டாக்டர் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் 95, 96 என்று எண் போட்ட கான்டாக்டை யாரோ ஷார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரவு ஷிப்டில் தொல்லை தாங்காமல் அப்படிச் செய்வது நான் பார்த்த டேனரிகளில் சர்வ சாதாரணம். கான்டாக்டர் பாயிண்ட் ஒட்டிக்கொண்டாலும் விழாது. ரிலே தானாக எதையும் துண்டிப்பதில்லை, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் கரண்டை நிறுத்துகிறது, அவ்வளவுதான். பாயிண்ட் வெல்ட் ஆகிவிட்டால் உலகத்திலேயே உசத்தியான டிஜிட்டல் ரிலே வைத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் பெரிய கேள்வி வேறு. 28 ஆம்ப்ஸ் மோட்டார் ஏன் 34 இழுக்கிறது? ஆம்ப்ஸ் கால்வாசி கூட ஏறவில்லையே என்று தோன்றும். காயிலில் சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தில் ஏறும். 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21, அதை அதாலேயே பெருக்கினால் 1.47. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு. மோட்டார் கம்பெனிக்காரர்கள் 40 டிகிரி வெளிக்காற்றுக்குத்தான் நேம் பிளேட் அடிக்கிறார்கள். வேலூர்ப் பக்கம் சித்திரை வைகாசியில் தகர ஷெட்டுக்குள் 40 எந்த மூலைக்கு?

ஆகவே டிரம்மில் ஏதாவது மாறியதா என்று யோசியுங்கள். தோல் எடை கூட்டினீர்களா, தண்ணீர் குறைத்தீர்களா, பேரிங் மாற்றினார்களா, புல்லி மாற்றினார்களா? அப்புறம் இந்த 20–32 ரிலே முதலிலிருந்தே இருந்ததா, நடுவில் யாராவது மாற்றினார்களா?

காயில் கடை, காட்பாடி:

அண்ணா சொன்ன கணக்கு அத்தனையும் சரி. நான் காயில் கட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மோட்டார் எரிந்தால் முதல் பழி எங்கள் தலையில்தான் விழுகிறது. ஆனால் எரிந்த காயிலே எப்படி எரிந்தது என்று சொல்லும். கடைக்காரர் பிரித்துப் போடுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேஸ் காயிலும் சுற்றி ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது காற்றோட்டம் அடைபட்டது. டெல்டா மோட்டாரில் ஒரு பேஸ் காயில் மட்டும் கரிக்கட்டையாகி மற்ற இரண்டும் புதுசு மாதிரி இருந்தால் ஓடும்போது ஒரு லைன் போயிருக்கிறது, சிங்கிள் பேசிங். ஸ்டார் மோட்டார் என்றால் தலைகீழ்: இரண்டு பேஸ் கருகும், ஒன்று தப்பிக்கும். ஒரே இடத்தில் கம்பி உருகி ஓட்டை விழுந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் அது காயிலுக்குள் ஷார்ட். அதற்கு வேண்டுமானால் எங்களைக் கேளுங்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஏன் டெல்டாவில் ஒன்று மட்டும் கருகுகிறது என்று கேட்பார்கள். ஒரு லைன் போனால் மிச்சமிருக்கும் இரண்டு லைனுக்கு நேர் குறுக்கே ஒரு காயில் தனியாக மாட்டிக்கொள்ளும். மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து அதே வோல்டேஜை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபுல் லோடில் ஓடும் மோட்டாராக இருந்தால் அந்தத் தனிக் காயிலில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கரண்டு ஓடும்.

எங்கள் ஆட்களும் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். பழைய காயிலை எடுக்கச் சிலர் ஸ்டேட்டரை (காயில் உட்கார்ந்திருக்கும் அசையாத பாகம்) தீயில் போட்டு எரிக்கிறார்கள். அதிகச் சூட்டில் உள்ளே இருக்கும் தகடுகளின் இன்சுலேஷன் போய்விடும், அப்புறம் லோடே இல்லாமல் மோட்டார் சுடும். ஆகவே மோட்டாரை வாங்கும்போது பெல்ட் இல்லாமல் ஓட்டிக்காட்டச் சொல்லி மூன்று பேஸிலும் ஆம்ப்ஸ் எழுதி வாங்குங்கள். 20 ஹெச்பி 4 போலுக்கு 10 ஆம்ப்ஸ் பக்கம் வந்து மூன்றும் சமமாக இருந்தால் நல்ல வேலை. 15, 16 என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேரணாம்பட்டு தம்பி:

அண்ணா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். மெயினில் 34, ரிலேவுக்குக் கீழே 19.5. நீங்கள் சொன்ன மாதிரியேதான்.

தோண்டிக் கேட்டதில் கதை வெளியே வந்தது. தீபாவளி சமயத்தில் பழைய ரிலே கருகிவிட்டதாம். அதில் 14–23 என்று இருந்ததாம். கடை மூடியிருந்ததால் எலக்ட்ரீஷியன் ஸ்கிராப்பில் கிடந்த ஒரு 20 ஹெச்பி டிஓஎல் (ஸ்டார் இல்லாமல் நேரடியாக லைனில் கிளப்பும்) ஸ்டார்ட்டரில் இருந்த ரிலேவைக் கழற்றி மாட்டியிருக்கிறார். அதுவும் 20 ஹெச்பிதானே என்று அவர் கேட்கிறார், நான் என்ன சொல்வது.

புல்லியும் மாறியிருக்கிறது. பொங்கலுக்கு முன் ஆர்டர் நெருக்கடியில் டிரம் வேகமாகச் சுற்றட்டும் என்று மோட்டார் புல்லியை 6 அங்குலத்திலிருந்து 7½ ஆக்கினார்கள். டிரம் நிமிஷத்துக்கு 8 சுற்று சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது 10. தோல் எடை மாறவில்லை.

எரிந்த மோட்டார் படம் போனில் இருந்தது. மூன்று பேஸும் ஒரே கறுப்பு.

இன்றைக்குப் புதிதாக 14–23 ரிலே வாங்கி 16-ல் வைத்தேன். காலையில் காலி டிரம்மில் நன்றாக ஓடியது. தோலும் தண்ணீரும் போட்டு ஸ்டார்ட் பண்ணினால் விழுகிறது. ஐந்து நிமிஷம் விட்டு ரீசெட் பண்ணினால் இன்னும் சீக்கிரம் விழுகிறது. முதலாளி "முன்னாடி எரிஞ்சாலும் ஓடுச்சு, இப்ப ஓடவே இல்ல" என்கிறார்.

சிப்காட் பழசு:

உங்கள் முதலாளி சொன்னதைப் பேனலில் எழுதி மாட்டலாம்.

புல்லி விஷயத்தை முதலில் முடிப்போம். தோலைத் தூக்கிப் போடும் பளு அதேதான், சுற்றும் வேகம் கால்வாசி கூடியிருக்கிறது. ஆகவே மோட்டார் கொடுக்க வேண்டிய சக்தியும் கால்வாசி கூடும். முன்னால் 27 பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கும், இப்போது 34. கணக்கு நேராகி விட்டது. லைனிலும் கோளாறில்லை, காயில்காரர் மேலும் குற்றமில்லை.

இப்போது ஸ்டார்ட்டிங்கில் விழுவது. ரிலே முகப்பைப் பாருங்கள், ட்ரிப் கிளாஸ் என்று 10 அல்லது 10ஏ என்று போட்டிருக்கும். கடையில் சாதாரணமாகக் கேட்டால் கொடுப்பது அதுதான். செட்டிங்கைப் போல 7.2 மடங்கு கரண்டு வந்தால் 10 வினாடிக்குள் விழுவது கிளாஸ் 10. 20 வினாடிக்குள் என்றால் கிளாஸ் 20, 30 வினாடிக்குள் என்றால் கிளாஸ் 30. பம்ப், ஃபேன் மாதிரி சட்டென்று வேகம் பிடிக்கும் மோட்டாருக்குக் கிளாஸ் 10 போதும். தோலும் தண்ணீரும் நிறைந்த மர டிரம் என்பது தேர் மாதிரி, நிலையை விட்டுக் கிளப்புவதுதான் பாடு. அதற்குக் கிளாஸ் 20 கேளுங்கள். டயலை மட்டும் 20-க்கு ஏற்றி ஸ்டார்ட் பண்ணலாம் என்று யாராவது சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். கிளாஸ் வேறு, செட்டிங் வேறு. ஸ்டார்ட் ஆகும்போது பொறுத்துக்கொள்ள வேண்டும், ஓடும்போது பொறுக்கக் கூடாது.

ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றும் டைமரையும் பாருங்கள். ஸ்டாரில் டார்க், அதாவது சுற்றும் விசை, மூன்றில் ஒரு பங்குதான். லோடு டிரம் ஸ்டாரில் வேகம் பிடிக்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே டெல்டாவுக்கு மாறினால், நேரடியாக ஸ்டார்ட் பண்ணிய மாதிரி ஆறு மடங்குக்குப் பக்கத்தில் இழுக்கும். ஸ்டார் போட்டதன் பலனே போச்சு. டாங் டெஸ்டர் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்டாரில் கரண்டு நன்றாக இறங்கின பிறகு மாறுகிற மாதிரி டைமரை வையுங்கள். எவ்வளவு நேரம் விட்டாலும் இறங்கவே இல்லை என்றால் அந்த லோடை ஸ்டாரால் கிளப்ப முடியாது. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது காயிலைச் சுடவைக்கும், வேறு பிரயோஜனம் இல்லை. அப்போது விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பற்றி யோசிக்கலாம். டிரம்மை மெதுவாகக் கிளப்பும், ரிவர்ஸும் அதிலேயே, ஓவர்லோடு கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: வேகத்தைக் குறைத்து ஓட்டினால் மோட்டார் பின்னால் இருக்கும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ஆம்ப்ஸ் சரியாக இருக்கும்போதே சூடேறும்.

ரீசெட் பண்ணினால் இன்னும் சீக்கிரம் விழுகிறது என்றீர்களே, அது ரிலேவின் கோளாறு இல்லை. உள்ளே இரட்டை உலோகப் பட்டை இன்னும் சூடாக இருக்கிறது. அந்தப் பட்டை சில நிமிஷத்தில் ஆறிவிடும். இத்தனை கிலோ இரும்பும் செம்பும் உள்ள மோட்டார் ஆற அரை மணி, முக்கால் மணி கூட ஆகும். ரிலே ரீசெட் ஆகிறது என்பதால் மோட்டார் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. இரவில் ஆட்கள் திரும்பத் திரும்ப அமுக்கி ஸ்டார்ட் பண்ணியே முடித்துவிடுவார்கள். மேனுவல் ரீசெட்டில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால், எதிர்பாராமல் டிரம் தானாகக் கிளம்ப வாய்ப்புண்டு. உள்ளே தோல் இறக்க ஆள் கை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காயில் கடைக்காரர் சொன்ன சிங்கிள் பேசிங் உங்களுக்கு இப்போது இல்லை. ஆனால் டேனரியில் அது எப்போது வேண்டுமானாலும் வரும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் சோடியம் சல்ஃபைடு வாடை அடிக்கும் அல்லவா, அழுகின முட்டை வாடை. அந்த வாயு செம்பையும் வெள்ளிப் பாயிண்டையும் கறுக்க வைக்கும். உப்புப் போட்ட தோல் வேறு. டெர்மினல் கறுத்துச் சூடாகி ஒரு நாள் ஒரு பேஸ் தொடர்பு விட்டுவிடும். பேனலைச் சுண்ணாம்பு யார்டை விட்டுத் தள்ளி வையுங்கள், கதவு ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை டெர்மினல் எல்லாம் முறுக்கச் சொல்லுங்கள். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வாங்கினால் கரண்டைப் பார்க்கும் வகையாக வாங்குங்கள். வோல்டேஜைப் பார்க்கும் வகை ஓடும் மோட்டாரில் ஏமாந்துவிடும். போன பேஸிலும் மோட்டாரே கொஞ்சம் வோல்டேஜை உண்டாக்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கான்டாக்டருக்குக் கீழே பாயிண்ட் போனால் அதற்குத் தெரியவும் தெரியாது.

கலவை கிணற்றுக்காரர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கலவைப் பக்கம் போரில் 7½ ஹெச்பி சப்மெர்சிபிள், அதுவும் த்ரீ பேஸ். ரிலே 11-ல்தான் இருக்கிறது, டிஓஎல் ஸ்டார்ட்டர், அளந்தும் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது. போன கோடையில் போர் வற்றி மோட்டார் போய்விட்டது. ரிலே விழவில்லை. எனக்கும் 0.58 தானா?

சிப்காட் பழசு:

இல்லைங்க. டிஓஎல்லில் ரிலே லைனிலேயே இருக்கிறது, உங்கள் 11 சரிதான். உங்கள் நோய் வேறு. போரில் தண்ணீர் கீழே போனால் பம்ப் தூக்க எதுவும் இல்லை, ஆம்ப்ஸ் ஏறாது, இறங்கும். ஓவர்லோடு ரிலே ஏறினால்தான் விழும். சப்மெர்சிபிளுக்குச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் குளிர்ச்சி, அது நின்றதும் காயில் வெந்துவிடும். டிரை ரன் பிரிவென்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஆம்ப்ஸ் குறைந்தால் நிறுத்தும் வகை. தண்ணீர் ஊறும்போது ஓடும் ஆம்ப்ஸை எழுதிவைத்துக்கொண்டு அதற்குக் கொஞ்சம் கீழே செட் பண்ணச் சொல்லுங்கள். ரிலே கிளாஸ் 10-ஐத் தாண்ட வேண்டாம், சப்மெர்சிபிள் சீக்கிரம் சுடும்.

இரண்டு பேஸ் வரும்போது கண்டென்சர் போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மூன்று காயிலிலும் கரண்டு சமமாக வராது, ரிலே கணக்கே குழம்பிப்போகும்.

பேரணாம்பட்டு தம்பி:

அண்ணா, முதலாளியிடம் புல்லியைப் பழையபடி 6 அங்குலம் ஆக்கலாம் என்றேன். டெலிவரி தேதி இருக்கிறது, வேகம் குறையக் கூடாது, வேண்டுமானால் 25 ஹெச்பி போடு என்கிறார். போட்டுவிடலாமா?

சிப்காட் பழசு:

25 ஹெச்பிக்கு நேம் பிளேட் ஆம்ப்ஸ் 34, 35 பக்கம் இருக்கும். உங்கள் டிரம் இப்போதே 34 இழுக்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் அதைத் தாண்டிவிடும். வேகம் வேண்டுமென்றால் 30 ஹெச்பிதான். 40 ஆம்ப்ஸ் பக்கம் வரும், ரிலேவை 23-ல் வைக்க வேண்டும், அதற்கு 20–32 ரேஞ்சில் கிளாஸ் 20 புதுசு. கழற்றின ஸ்கிராப் ரிலே வேண்டாம்.

ஆனால் மோட்டார் விலையோடு முடியாது என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 20 ஹெச்பி 4 போல் 160 ஃபிரேம் (அடியிலிருந்து ஷாஃப்ட் நடு வரை 160 மில்லிமீட்டர் உயரம்), 30 என்றால் 180 ஃபிரேம். ஷாஃப்ட் 20 மில்லிமீட்டர் உயரும், அடி ஓட்டைகள் பொருந்தாது, பேஸ் பிளேட் புதிதாகச் செய்ய வேண்டும். ஷாஃப்ட் கனம் 42-லிருந்து 48 மில்லிமீட்டர், புல்லியின் துளையைப் பெரிதாக்க வேண்டும். கான்டாக்டர், கேபிள், சாங்ஷன் லோடு (மின்வாரியம் அனுமதித்த லோடு) மூன்றையும் பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரு தாளில் விலை போட்டு, பக்கத்தில் 6 அங்குலப் புல்லி விலையையும் எழுதி நீட்டுங்கள். டிரம் பேரிங்கும் கியரும் 10 சுற்றுக்குச் செய்ததா என்று ஒரு ஃபிட்டரையும் கேளுங்கள்.

காயில் கடை, காட்பாடி:

தம்பி, எரிந்த மோட்டார் இன்னும் கடையில்தான் கிடக்கிறதா? காயில் கட்டும்போதே மூன்று பேஸ் தலைக்காயிலிலும் (காயிலின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) சூட்டை உணரும் தெர்மிஸ்டர் ஒவ்வொன்று வைத்துக் கட்டச் சொல்லுங்கள். மிளகு அளவு இருக்கும், மூன்றையும் வரிசையாக இணைத்து இரண்டு ஒயர் வெளியே எடுத்தால் போதும். வார்னிஷ் ஊற்றின பிறகு வைக்க முடியாது. எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 டிகிரி தாங்கும், அதற்குக் கீழே 140-ல் துண்டிக்கும் வகை வாங்குங்கள். ரிலேவுக்கு ஆம்ப்ஸ்தான் தெரியும். ஃபேன் மூடியில் தோல் தூள் அடைத்துக்கொண்டால் ஆம்ப்ஸ் ஏறாது, சூடு மட்டும் ஏறும். இது காயில் சூட்டையே பார்க்கும். பேனலில் இதற்கென்று ஒரு தெர்மிஸ்டர் ரிலே தனியாக வேண்டும்.

பேரணாம்பட்டு தம்பி:

இன்னும் கட்டவில்லை, இப்போதுதான் போன் பண்ணித் தெர்மிஸ்டர் வைக்கச் சொன்னேன். தாளையும் நீட்டிவிட்டேன். முதலாளி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பழைய புல்லி எங்கே கிடக்கிறது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறோம். கிளாஸ் 20 ரிலே வேலூரில் ஸ்டாக் இல்லையாம், வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை அரை லோடு போட்டு ஓட்டுகிறோம், இப்போது இருக்கும் ரிலே 16-லேயே நிற்கிறது, காலையிலிருந்து விழவில்லை. ரீசெட் பண்ண வேண்டுமென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் என்று இரவு ஷிப்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.